தோற்றவர் ஊரில் இருக்க முடிகிறதா: மட்டக்களப்பு, அம்பாறை அரசியல் பண்பாடு பற்றிய விவாத இழை

வாசகர் கேள்வி, 2025 பெப்ரவரி 8 (அக்கரைப்பற்று)

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடும் வளவும் பெண்ணுக்கே எழுதப்படுகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாக வரும் குலப் பிரிவான குடி வழக்கை ஏறத்தாழ ஒரே மாதிரிப் பின்பற்றி வந்தவர்கள். சந்தை ஒன்று, குளம் ஒன்று, வயற்கண்டம் ஒன்று. கேரளத்திலும் தாய்வழி வழக்கும் பல மதத்தவர் கலந்து வாழும் ஊர்களும் இருந்தன. அங்கே தாராளவாத அரசியல் வேரூன்றி நிலைத்துவிட்டது. அதற்கேற்ற மண் இங்கேயும் இருந்ததே, பிறகு ஏன் நிலைக்கவில்லை?

2025 பெப்ரவரி 9

பெண்ணிடம் சொத்து இருந்தால் அரசியல் தானாகவே தாராளமாகிவிடும் என்று கேள்வி கேட்டவர் எடுத்துக்கொள்கிறார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஆரையம்பதியில் நான் குடியிருக்கும் வீடு என் தாயாரின் காணி உறுதியிலிருந்து என் உறுதிக்கு வந்தது. என் கணவர் கலியாணத்தின் பின் இங்கே வந்து குடியேறியவர். எங்கள் குடி பெண்களின் வயிற்று வழியாகத்தான் தொடர்கிறது. ஆனால் கோயில் கூட்டத்தில் அந்தக் குடிக்குரிய உரிமையைப் பேச எழுந்து நிற்பவர் என் அண்ணன். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவி பெண்வழியாகக் கடத்தப்படுகிறதே தவிரப் பெண்ணிடம் வந்து நிற்பதில்லை. மாமனிடமிருந்து மருமகனுக்குப் போய்விடுகிறது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் முறையும் இதே வழியில்தான் நடந்து வந்தது என்று காத்தான்குடியில் என்னுடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பாராளுமன்றத்தைப் பார்த்தாலும் இதுவே தெரியும். 1980இல் பொத்துவில் தொகுதிக்கு ரங்கநாயகி பத்மநாதன் உறுப்பினரானார். பாராளுமன்றத்துக்குச் சென்ற முதல் தமிழ்ப் பெண் அவரே. ஆனால் அது தேர்தலில் வென்றல்ல, காலமான சகோதரரின் இடத்துக்கு நியமிக்கப்பட்டு. 2004இல் தங்கேஸ்வரி கதிராமன் மட்டக்களப்பில் வாக்குகளால் தெரிவானார். திகாமடுல்ல எனப்படும் அம்பாறைத் தேர்தல் மாவட்டத்திலிருந்து பேரியல் அஷ்ரப் சென்றார். அவரும் கணவரின் மறைவுக்குப் பின்னரே அரசியலுக்கு வந்தவர். 2024 நவம்பரில் மட்டக்களப்பு தெரிவுசெய்த ஐவரும் ஆண்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெண்ணின் பெயரில் உறுதி எழுதி வந்த மாவட்டத்தின் கணக்கு இது.

2025 பெப்ரவரி 10

கேரளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே அதைக் கொஞ்சம் அழகுபடுத்தியே பேசுகிறோம். மருமக்கத்தாயம் என்ற அந்தத் தாய்வழி வழக்கைக் கேரளம் பாதுகாத்து வைக்கவில்லை. 1925ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் நாயர் சட்டம் தறவாடு என்ற தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின் சொத்தைத் தனித்தனியாகப் பிரிக்க வழிவிட்டது, 1975ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுக் குடும்ப முறையையே நீக்கிவிட்டது. 2021இல் கேரளச் சட்டமன்றத்தின் 140 உறுப்பினர்களில் பெண்கள் 11 பேர் மட்டுமே. தாய்வழி வழக்கு அங்கேயும் பெண்களை ஆசனத்தில் உட்கார வைக்கவில்லை.

அப்படியானால் அங்கே நிலைத்தது எது? பள்ளிக்கூடம், வாசகசாலை, நாளிதழ், சங்கம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1936இல் திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லாச் சாதியினருக்கும் திறக்கப்பட்டன, 1945இல் நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது, நிலச் சீர்திருத்தம் 1970இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் என் கண்ணில் படுவது வேறொன்று. 1957இல் வாக்குகளால் ஆட்சிக்கு வந்த நம்பூதிரிப்பாட்டின் கம்யூனிஸ்ட் அரசை 1959இல் மத்திய அரசு கலைத்தது. அடுத்த தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. 1967இல் அதே நம்பூதிரிப்பாடு மீண்டும் முதலமைச்சரானார். 1982 முதல் 2016 வரை ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டு முன்னணிகளும் மாறி மாறி வந்தன. 2021இல்தான் அந்த வரிசை முறிந்தது. தோற்றவருக்கு அடுத்த ஐந்தாண்டு இருக்கிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், வென்றவருக்கும் தெரியும். அதனால் வென்றவரின் கை கொஞ்சம் அடங்கியே இருக்கும்.

2025 பெப்ரவரி 11

"கேரளத்தின் கண்ணூரை மறந்துவிட்டீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மறக்கவில்லை. கட்சிக்காரர் கட்சிக்காரரைப் பல ஆண்டுகளாக வெட்டிக்கொன்ற மாவட்டம் அது. அங்கே கட்சிக் கிராமம் என்று ஒன்று இருக்கிறது: ஒரு கட்சியைத் தவிர மற்றக் கட்சிக்காரர் குடியிருக்கவோ கூட்டம் வைக்கவோ முடியாத ஊர். நான் சொல்ல வருவதற்கு அது எதிர்ச்சான்று அல்ல, அளவுகோலை இன்னும் தெளிவாக்கும் உதாரணம்.

2025 பெப்ரவரி 14

அந்த அளவுகோலை நேராகவே எழுதிவிடுகிறேன். ஒரு பகுதியின் அரசியல் பண்பாட்டை அறிய அங்குள்ளவர்கள் எவ்வளவு நல்லவர்கள், எவ்வளவு படித்தவர்கள், பக்கத்து மதத்தாரின் திருவிழாவில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. தேர்தலில் தோற்றவரும், கட்சி மாறியவரும், ஊர்க்கூட்டத்தில் தனியாக நின்று எதிர்த்துப் பேசியவரும் மறுநாள் காலையில் அதே சந்தைக்குப் போய் மீன் வாங்க முடிகிறதா என்று பார்க்கிறேன். முடியுமானால் அந்தப் பண்பாடு நிலைக்கும். முடியாவிட்டால் மற்ற நற்குணங்கள் எல்லாம் இருந்தும் அது ஒரு நெருக்கடியில் கலைந்துபோகும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மட்டக்களப்பில் 1977 வரை அது பெரும்பாலும் முடிந்தது. சும்மா ஊர்ப்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அதற்கு அமைப்புச் சார்ந்த காரணங்கள் இருந்தன. முதலாவது காரணம் தொகுதி. 1960 மார்ச் முதல் 1977 வரை மட்டக்களப்பு இரட்டை உறுப்பினர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். 1965இல் தமிழரசுக் கட்சியின் செல்லையா இராசதுரையும் ஐக்கிய தேசியக் கட்சியின் லத்தீப் சின்னலெவ்வையும் தெரிவானார்கள். 1977இல் இராசதுரையுடன் பரீத் மீராலெவ்வை தெரிவானார். முதலாம் இடம் யாருக்கு என்று தெரிந்த பின்னரும் இரண்டாம் இடத்துக்காக மற்றச் சமூகத்தின் ஊர்களில் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. 1970இல் இரண்டு இடங்களுக்கும் தமிழரே வந்தார்கள், இராசதுரையும் சுயேச்சையான இராஜன் செல்வநாயகமும். ஆகவே அந்த முறை எந்தச் சமூகத்துக்கும் பட்டயம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் பேசுவதற்கான காரணத்தைக் கொடுத்தது.

இன்னும் பின்னால் போகலாம். 1931இல் சர்வசன வாக்குரிமையுடன் வந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பால் வடக்கின் நான்கு தொகுதிகள் பகிஷ்கரித்தன. வாலிபர் காங்கிரஸார் சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, முழு விடுதலை என்று அந்தக் காலத்தில் மிகவும் முற்போக்காகப் பேசியவர்கள். கொள்கையை மட்டும் பார்த்தால் தாராளவாதிகள் அவர்களே. மட்டக்களப்பு பகிஷ்கரிக்கவில்லை. மட்டக்களப்புத் தெற்குத் தொகுதி, தென்னிலங்கைக் காலி நகரைச் சேர்ந்த மாக்கான் மாக்காரைத் தெரிவுசெய்து சட்டசபைக்கு அனுப்பியது, அவர் அமைச்சருமானார். இதைப் பரந்த மனம் என்று புகழ நான் தயாரில்லை. பெரிய வயற்காரரான போடிமாரும் வியாபாரிகளும் சேர்ந்து செய்த ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் கொள்கை இருந்தது, இங்கே பழக்கம் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் சேரவே இல்லை.

2025 பெப்ரவரி 15

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், "பழக்கம் என்று நீங்கள் சொல்வது கட்சி தாவலைத்தானே?" என்று நக்கலாகக் கேட்டிருக்கிறார். ஆம், அதையும் சேர்த்துத்தான். இதற்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும்.

2025 பெப்ரவரி 21

கிழக்கைப் பற்றி வடக்கிலிருந்து வரும் பழைய முறைப்பாடு, இங்குள்ளவர்கள் நிலையாக நிற்க மாட்டார்கள் என்பது. 1956இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் வென்றார்கள், இருவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் போனார்கள். 1977இல் பொத்துவிலில் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்ற எம். கனகரத்தினமும் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போனார். 1979இல் இராசதுரை போனார். சமூக வேறுபாடின்றி எல்லாரும் போயிருக்கிறார்கள் என்பதே ஒருவிதச் சமத்துவம்தான் என்று என் தம்பி சொல்வான்.

இதை நானும் இளவயதில் வெட்கக்கேடாகவே நினைத்தேன். இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். கட்சி மாறியவரை வாக்காளர் அடுத்த தேர்தலில் தண்டிக்கலாம், மேடையில் ஏசலாம், அவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகாமல் விடலாம். 1956இல் மாறியவர்களுக்கு நடந்தது அவ்வளவுதான். 1978 ஜனவரியில் கனகரத்தினத்துக்கு நடந்தது வேறு: கொழும்பில் அவரைச் சுட்டார்கள். அப்போது உயிர் தப்பினாலும் அவர் 1980இல் காலமானார். அவருடைய இடத்துக்குத்தான் சகோதரி ரங்கநாயகி நியமிக்கப்பட்டார். முதல் தமிழ்ப் பெண் உறுப்பினரைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்லும் செய்திக்கு அடியில் இது கிடக்கிறது. கிழக்கின் அரசியல் எந்த ஆண்டில் திரும்பியது என்று கேட்டால் நான் 1983ஐச் சொல்லமாட்டேன். கட்சி மாறியவருக்குத் தண்டனை வாக்கு அல்ல, துப்பாக்கி என்று ஆன 1978ஐச் சொல்வேன்.

1977 தேர்தலை நான் நேரில் பார்த்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை, தமிழரசின் வீட்டுச் சின்னத்தில் காசி ஆனந்தன். ஒரே இயக்கத்தின் இரண்டு பேர், ஒரே தொகுதியில். எங்கள் அப்பா சூரியன், அம்மாவின் தம்பி வீடு. மாமா ஒவ்வொரு மாலையும் வந்து எங்கள் திண்ணையில் இருந்து அப்பாவுடன் சண்டை பிடிப்பார். ஒருநாள் அப்பாவுக்குக் கோபம் மிஞ்சி, "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அம்மா குசினியிலிருந்தபடியே, "வீடு யாருடைய பேரில் கிடக்கு?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. மாமா அன்றும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

2025 பெப்ரவரி 22

நேற்று அதை எழுதி முடித்த பிறகுதான் 9ஆம் திகதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். தாய்வழி வழக்கு அரசியலுக்கு ஒன்றும் செய்யவில்லை என்ற தொனி அங்கே இருக்கிறது. அந்தத் தொனியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அது பெண்ணை மேடையில் ஏற்றவில்லை என்பது சரிதான். ஆனால் ஒரு வீட்டுக்குள் கணவன் மனைவியின் சகோதரனை வெளியே தள்ள முடியாத நிலையை அது உண்டாக்கியது. இருவருக்கும் அந்த வீட்டில் இருக்கப் பாத்தியதை இருந்தது, இருவருக்கும் அதன் மேல் அதிகாரம் இல்லை. எதிர்க்கட்சிக்காரனோடு ஒரே கூரையின் கீழ் சாப்பிட வேண்டிய கட்டாயம், எந்த உபதேசத்தையும்விட ஆழமாக ஒரு பழக்கத்தைக் கற்றுத் தருகிறது. எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல; இந்தக் கரையோரத்து ஊர்களில் மச்சான்மார் எதிரெதிர்க் கட்சியில் இருப்பது அன்று சாதாரணம்.

எனினும் அது வீட்டின் வேலிக்குள் மட்டுமே செல்லுபடியாகும் பாதுகாப்பு. வேலிக்கு வெளியே அதை எழுத்தில் வைத்த அமைப்பு எதுவும் இருக்கவில்லை.

2025 பெப்ரவரி 27

போர்க்காலத்தைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. அதைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அளவுகோலை அங்கேயும் வைத்துப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த சாம் தம்பிமுத்து 1990இலும், நிமலன் சௌந்தரநாயகம் 2000இலும் கொல்லப்பட்டார்கள். 2004இல் தெரிவாகிப் பதவி விலகிய கிங்ஸ்லி இராசநாயகம் அதே ஆண்டிலும், அம்பாறையின் முன்னாள் உறுப்பினர் சந்திரநேரு 2005 பெப்ரவரியிலும் கொல்லப்பட்டார்கள். ஜோசப் பரராஜசிங்கத்தை 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது தேவாலயத்துக்குள்ளேயே சுட்டார்கள். இவர்கள் ஒரே அணியினர் அல்லர், கொன்றவர்களும் ஒரே தரப்பினர் அல்லர். ஒரு மாவட்டத்தில் எந்தக் கருத்தைச் சொன்னாலும் அதற்கு ஒரு கொலையாளி இருக்கிறான் என்றால், அங்கே கருத்து என்பதே வீட்டுக்குள் பதுங்கிவிடும்.

சமூகங்களுக்கிடையிலும் அப்படியே. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளையும் விடவில்லை. எங்கள் ஊருக்கும் காத்தான்குடிக்கும் இடையில் ஒரு வீதி அகலம்தான். அந்த ஆண்டுக்குப் பிறகு வீதியின் இரு பக்கமும் நீண்ட காலம் ஒருவரையொருவர் பார்க்காமலேயே வாழப் பழகிக்கொண்டன. சந்தைக்கு மறுநாள் போக முடிகிறதா என்று கேட்டேன் அல்லவா; பல மாதங்கள் சந்தையே இருக்கவில்லை.

2025 பெப்ரவரி 28

"அப்படியானால் எல்லாப் பழியையும் ஆயுதத்தின் மேல் போட்டுவிடலாமே" என்று கேட்டவருக்கு: முடியாது. ஆயுதம் வருவதற்கு முன்னரே அரசியல் தலையெண்ணும் வேலையாக மாறத் தொடங்கிவிட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் சிங்களவர் குடியேற்றம் நடந்தது, 1956 ஜூனில் அங்கே தமிழர் மீது வன்முறை நடந்தது, 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று. எந்த எல்லைக்கோட்டுக்குள் எந்தச் சமூகம் எத்தனை வீதம் என்பதே அன்றிலிருந்து ஒவ்வொரு பேச்சிலும் முதற் கேள்வியானது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் விகிதாசார முறை இதைக் கெட்டியாக்கியது. மட்டக்களப்புக்கு ஐந்து இடங்கள், திகாமடுல்லவுக்கு ஏழு. ஒவ்வொரு சமூகமும் தன் பட்டியலுக்கு வாக்களித்தாலே தன் இடம் வந்துவிடும். மறு ஊரில் வாக்குக் கேட்க வேண்டிய தேவை போய்விட்டது. சண்டை முழுவதும், பட்டியலில் யாருக்கு இடம் என்று தீர்மானிக்கும் விருப்பு வாக்குக்காகச் சொந்தப் பட்டியலுக்குள் நடக்கிறது.

விகிதாசாரத்துக்கு மறுபக்கமும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். 1988இல், இடம் பெறத் தேவையான வாக்கின் வெட்டுப்புள்ளி எட்டில் ஒன்றிலிருந்து நூற்றுக்கு ஐந்தாகக் குறைக்கப்பட்டது, அதற்கு முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரபின் பேரம் காரணமாயிருந்தது. அதுவரை இரு பெரிய கட்சிகளின் கதவடியில் நின்ற முஸ்லிம் அரசியல் சொந்தக் காலில் நின்றது. சிறுபான்மைக்குள் சிறுபான்மையின் குரல் சபைக்குப் போனது நல்லது. ஆனால் குரல் போகும் வழி மற்றவரைத் தொடாமலே போகிறது. தேர்தல் கடமையில் பல வாக்கெண்ணும் இரவுகளை நான் கண்டிருக்கிறேன். சாவடிப் பெட்டியைத் திறக்கும் முன்பே, அது எந்த ஊர்ப் பெட்டி என்று கேட்டுவிட்டு, கட்சிப் பிரதிநிதிகள் முடிவைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

2025 மார்ச் 4

சின்ன இடைவெளி. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பழைய பேச்சை யாரோ இழுத்து வந்திருக்கிறார். மந்திரம் ஒன்றும் இல்லை ஐயா. உத்தியோகத்துக்கு வந்த யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைக்குக் கட்டிய வீடும் கிணறும் தென்னை நின்ற வளவும் மனைவியின் பெயரில் கிடைத்தன. பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனால் தனக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்று கணக்குப் பார்த்துத்தான் அவர் பாயிலேயே இருந்தார்.

2025 மார்ச் 9

அதே வீட்டுச் சீதனத்துக்குக் கசப்பான ஒரு பக்கமும் இருக்கிறது, 22ஆம் திகதிக் குறிப்பில் அதை நான் தொடவில்லை. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு வேண்டும். அது தாய்வீட்டுக்கு அருகில் வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் நிலம் முடிந்துபோகிறது. காத்தான்குடி நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒன்றாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். எங்கள் ஊரிலும் அதே வழக்கு, அதே தேவை. எல்லையோரத்து வளவொன்று விற்பனைக்கு வந்தால் அது இரு குடும்பங்களுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலாக முடிவதில்லை. எந்தச் சமூகம் எந்தச் சமூகத்தின் நிலத்தை வாங்குகிறது என்ற பேச்சாகிவிடுகிறது. கிராம உத்தியோகத்தர் பிரிவின் எல்லை எங்கே என்ற கேள்விக்குப் பின்னால் பல இடங்களில் ஒரு தகப்பன் தன் மகளுக்குக் கட்ட நினைத்த வீடு நிற்கிறது.

ஆகவே கேள்வி கேட்ட அக்கரைப்பற்று நண்பருக்கு: நீங்கள் தாராளவாதத்தின் விதை என்று காட்டிய அதே வழக்கிலிருந்துதான் நமது எல்லைத் தகராறுகளும் முளைக்கின்றன. ஒரு வழக்கத்தை எடுத்து இது நல்ல அரசியலுக்கு வேர், இது கெட்ட அரசியலுக்கு வேர் என்று பிரிக்க முடியாது. அதன் மேல் எப்படிப்பட்ட அமைப்புக் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது நடந்துகொள்ளும்.

2025 மார்ச் 12

அமைப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஆகவே 2015ஐப் பேச வேண்டும். 2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 37 இடங்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. அன்று காங்கிரஸ் ஆளும் முன்னணியுடன் சேர்ந்தது. 2015 பெப்ரவரியில் நிலைமை மாறி, காங்கிரஸின் ஹாபிஸ் நசீர் அகமட் முதலமைச்சரானார், கூட்டமைப்பு அமைச்சர்களை ஏற்றுக்கொண்டு உடன் நின்றது. எங்கள் பக்கத்தில் பெரிய எரிச்சல்: பதினொன்று வைத்திருந்தவன் ஏழுக்குக் கீழே உட்கார்ந்தான் என்று. அந்த எரிச்சல் எனக்கும் இருந்தது. இருந்தாலும் 1977க்குப் பின் மற்றச் சமூகத்தின் தலைமையைச் சகித்துக்கொண்டு ஒரே மேசையில் வேலை செய்வதை இரு பக்கத்து அரசியல்வாதிகளும் பழகியது அந்த இரண்டரை ஆண்டில்தான். 2017 செப்டம்பரில் சபையின் காலம் முடிந்தது. அதன் பின் தேர்தலே இல்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். தோற்பதற்கே மேடை இல்லாத இடத்தில் தோல்வியைத் தாங்கும் பண்பாடு எங்கிருந்து வரும்?

2024 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு என்பதைச் சிலர் இங்கே பெருமையாகவும் சிலர் குறைபாடாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமாக நான் எடுக்கவில்லை. தமிழரசுக்கு மூன்று, மக்கள் சக்திக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று. அந்த முடிவைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, தேர்தலுக்கு மறுநாள் மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னச் சட்டை போட்ட பையன்கள் எங்கள் சந்தியில் வீட்டுச் சின்னக்காரரோடு நின்று தேநீர் குடித்ததுதான்.

2025 மார்ச் 23

உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்பு மனுக்கள் முடிந்துவிட்டன. நூற்றுக்கு இருபத்தைந்து பெண்கள் என்ற சட்டம் 2018இல் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தபோது பட்டியலை நிரப்பப் பெண்களைத் தேடி அலைந்ததை எல்லாரும் அறிவோம். நான் அறிந்த ஒரு சபையில் அப்படி நிரப்பப்பட்டு வந்த ஒரு பெண், முதலாம் ஆண்டு முழுவதும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஆண்டு தன் கட்சித் தவிசாளரின் வரவு செலவுத் திட்டத்துக்கு எதிராகக் கை உயர்த்தினார். கட்சி அவரை ஒதுக்கிவைத்தது. கணவரின் உறவினர்கள் பேசாமல் விட்டார்கள். வீடு அவருடையது, ஆகவே அவர் எங்கும் போகவில்லை. இந்தத் தடவை வேறொரு பட்டியலில் நிற்கிறார். உறுதிப் பத்திரமும் சட்டத்தின் ஒதுக்கீடும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் இதுவே. கேரளத்துக்குப் போகத் தேவையில்லை.

2025 மார்ச் 30

சிறுபோக நெற்செய்கையின் ஆரம்பக் கூட்டத்துக்கு என் கணவருடன் போயிருந்தேன். எந்த ஊர்ப் பெரியவரும் உத்தியோகத்தரும் தனியாகத் தீர்மானிக்க முடியாத விடயங்கள் அங்கே கைதூக்கித் தீர்மானிக்கப்படுகின்றன: குளத்துத் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, எத்தனை மாத நெல்லினம், மாடுகளைக் கண்டத்திலிருந்து அகற்றும் திகதி. வாவிக்கு மேற்கே படுவான்கரைத் தமிழர்களும் கிழக்கே எழுவான்கரையிலிருந்து வந்த முஸ்லிம் போடிமாரும் அந்த மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் கத்தினார்கள். கண்டத்துத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய், வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு பக்கம் தோற்றது. தோற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திகதியைக் குறித்துக்கொண்டார்கள்.

ஏன் அங்கே முடிகிறது? வாய்க்கால் தோற்றவனின் வயலைத் தாண்டித்தான் வென்றவனின் வயலுக்குப் போகிறது. அவனை விரட்டினால் வாய்க்காலைத் துப்புரவு செய்யவும் ஆள் இல்லை. அதோடு தீர்மானம் சட்டப்படி எல்லாரையும் கட்டுப்படுத்தும், அடுத்த போகத்தில் திரும்பவும் கூட்டம் வரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். குணம் நல்லதா கெட்டதா என்ற பேச்சே அங்கே வருவதில்லை. போர்க்காலத்திலும் முடிந்த இடங்களில் இந்தக் கூட்டங்கள் நடந்தன என்று கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்த காலத்தில் கோப்புகளில் கண்டிருக்கிறேன்.

இதை மிகைப்படுத்த வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அந்த மண்டபத்தில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகையினர். வயற்காணி பெண்ணின் பெயரில் இருந்தாலும் கை தூக்குபவர் கணவரே. என்னையும் ஒருவர், "அக்கா, நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகவே கேட்டார். காணி என்னுடையது என்று சொன்னேன். உடனே கதிரை எடுத்துப் போட்டார். கை தூக்கும்போது மட்டும் என் கணவரைப் பார்த்தார்.

2025 ஏப்ரல் 3

தமிழர் கேட்கும்படி கல்முனை வடக்கு உப செயலகத்தை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தும் விவகாரத்தில் என் நிலைப்பாடு என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். 2019இல் அதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள், 2024இலும் வீதியில் இருந்தார்கள். தரமுயர்த்த வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் எல்லை வரைவதில் தோற்கும் பக்கத்துக்கும் அங்கே வாழ்ந்துகொண்டிருக்க என்ன உத்தரவாதம் என்பதை இரு பக்கத்து அரசியல்வாதிகளும் ஒரு தடவையாவது எழுத்தில் வைத்ததாக நான் காணவில்லை. வரைபடத்தோடு அந்தப் பந்தியையும் கொண்டு வரட்டும்.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு: 1951ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் காதி நீதிபதியாகப் பெண் வர முடியாது. மணப்பெண்ணின் கையெழுத்துக்கூடத் தேவையில்லை. அதை மாற்றச் சொல்லிக் கிழக்கிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் பெண்கள் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். ஊருக்குள் அவர்களுக்கு வரும் ஏச்சு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "உங்கள் கோயில் வண்ணக்கர் பதவியை முதலில் பாருங்கள்" என்று எனக்கு வந்த பதிலும் நியாயமானதே. 2022இல் மட்டக்களப்பு நகரில் நீதிக்கான நடைபயணம் தொடங்கியபோது தமிழ், முஸ்லிம் பெண்கள் சேர்ந்தே நடந்தார்கள். நானும் சில நாட்கள் போனேன். நடந்து முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தமது ஊருக்குப் பஸ் ஏறினோம். இந்த மாதம் எங்கள் கோயிலின் வருடாந்தக் கூட்டம் இருக்கிறது. பெண்களுக்கும் குடிப் பிரதிநிதியாக வாக்கு வேண்டும் என்ற பிரேரணையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் வழிமொழிய மாட்டார் என்பது தெரிந்ததால் மாமாவின் மகனிடம் கேட்டிருக்கிறேன். தோற்கும் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த ஆண்டும் கொடுப்பேன்.